அமைதிக் கூட்டத்துக்கு மைக் செட், பந்தல், கூடம்: வட சென்னை வாடகைச் சேவைகள் எப்படி?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கம் போருக்கும் வன்முறைக்கும் எதிராகப் பெண்கள் சேர்ந்து நடத்தும் அமைதிக் கூட்டங்களை மனதில் வைத்து எழுதிய மதிப்பீடு இது. சுமார் 100 பேர், மாலை 5 மணிக்கு ஆரம்பம், 8 மணிக்குள் முடிவு, இடம் ஒரு தெரு அல்லது ஒரு திடல். பேசுபவர்களில் பாதிப் பேர் அன்றுதான் முதல்முறையாக மைக் பிடிப்பார்கள். கட்சிப் பொதுக்கூட்டத்துக்கும் கல்யாணத்துக்கும் நன்றாக வேலை செய்கிற கடை இதற்கும் சரிப்பட்டு வரும் என்று சொல்ல முடியாது. அங்கே சத்தமும் ஜோடனையும் வேண்டும். இங்கே கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு, முன்னால் தயங்கித் தயங்கிப் பேசுகிறவரின் ஒவ்வொரு சொல்லும் விளங்க வேண்டும். கீழே உள்ள எல்லாத் தீர்ப்பும் அந்த ஒரே அளவுகோலில்தான்.

முதலிடம், கூட்டம் நடக்கும் பகுதியிலேயே இருக்கும் சின்ன சவுண்ட் சர்வீஸ் கடைக்கு. ஒரு ஷட்டர், உள்ளே இரண்டு ஆம்ப்ளிஃபயர், வாசலில் சுருட்டி வைத்த ஒயர் என்று இருக்கும். பார்த்தால் நம்பிக்கை வராது. ஆனால் அந்த ஆளுக்கு அந்தத் தெரு தெரியும். மின்சாரம் எந்த வீட்டில் கேட்டால் கிடைக்கும், எந்த மாடியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளை இருக்கிறது, பள்ளிவாசலில் பாங்கு எத்தனை மணிக்கு, கோயிலில் பூஜை எப்போது எல்லாம் அத்துபடி. மாலை பாங்கு ஒலிக்கிறபோது சொல்லாமலே வால்யூமைக் குறைத்து, முடிந்ததும் ஏற்றுவார். அமைதிக் கூட்டத்துக்கு இந்த ஒரு பழக்கம் போதும், வேறு சிபாரிசு தேவையில்லை.

எதில் தவறு நடக்கும் என்றால், ஸ்பீக்கரில். கேட்காமல் விட்டால் கூம்பு வடிவக் குழாய் ஸ்பீக்கரைத்தான் கொண்டுவந்து கம்பத்தில் கட்டுவார்கள். குழாய் தூரத்துக்குப் போகும், திறந்த மைதானத்தில் பயன்படும். இருபுறமும் வீடு நெருக்கியடித்த தெருவிலும் பழைய குடிசை மாற்று வாரியம் கட்டிய குடியிருப்பு பிளாக்குகளுக்கு நடுவிலும் சுவரில் மோதித் திரும்பி, சொல்லைக் குழப்பிவிடும். கூட்டத்தில் இருப்பவருக்குப் புரியாது, மூன்றாம் மாடியில் இருப்பவருக்குத் தலைவலி. போலீஸ் அனுமதியிலும் குழாய் கூடாது, பாக்ஸ் மட்டும் என்று நிபந்தனை போடுவது வழக்கம். ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: பாக்ஸ் ஸ்பீக்கர் 4, ஸ்டாண்டோடு, உட்கார்ந்திருப்பவர் தலைக்குச் சற்று மேலே வருகிற உயரத்தில். முன்னால் ஒரு ஜோடி, நடுவில் ஒரு ஜோடி. இரண்டு ஜோடிக்கும் இடைவெளி 40 அடியைத் தாண்ட வேண்டாம். 60 அடி தள்ளி வைத்தால், ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும் என்பதால், பின்வரிசையில் ஒரே சொல் இரண்டு தடவை கேட்கும். நான்கு பாக்ஸையும் மெதுவாகப் பாடவிடுவது, இரண்டை அலறவிடுவதைவிட எப்போதும் மேல்.

ஆம்ப்ளிஃபயர் கணக்கு எளிது. 100 வோல்ட் லைனில் ஓடும் செட்டில் (எல்லா ஸ்பீக்கரையும் ஒரே ஒயரில் மாட்டும் முறை), ஸ்பீக்கர்களின் வாட் எல்லாவற்றையும் கூட்டினால் ஆம்ப்ளிஃபயரின் வாட்டுக்குள் அடங்க வேண்டும். 25 வாட் ஸ்பீக்கர் 4 என்றால் 100. அதற்கு 120 வாட் அஹுஜா கம்பெனி ஆம்ப்ளிஃபயர் தாராளம். அந்த ஆம்ப்ளிஃபயரில் கூடுதலாக இன்னும் இரண்டு ஸ்பீக்கர் மாட்டச் சொல்லாதீர்கள். சூடேறி நடுவில் நின்றுபோகும்.

இனி மைக். நடைமுறையில் கூட்டம் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஸ்டாண்டின் உயரத்தை ஆண் பேச்சாளர் அளவுக்கு வைத்துத் திருகி, துருப்பிடித்து அப்படியே இறுகிப்போயிருக்கும். ஐந்தடிக்குள் இருக்கும் பெண் வந்து நின்றால் மைக் நெற்றிக்கு நேரே இருக்கும். அவர் முகத்தைத் தூக்கிப் பேசுவார், குரல் தொண்டையிலேயே நிற்கும். கையில் எடுத்துக் கொடுத்தால் மார்புக்கு நேரே பிடித்துக்கொள்வார். மைக்காரர் கேட்கவில்லையே என்று வால்யூமைத் திருப்புவார். உடனே கீய்ங் என்று ஊளையிடும். பேசவந்தவர் பயந்துபோய், இரண்டு வரியோடு 'நன்றி வணக்கம்' சொல்லி இறங்கிவிடுவார். ஒரு வருடம் யோசித்து, ஒரு வாரம் எழுதிப் படித்துக்கொண்டு வந்தவரின் பேச்சு அது. குற்றம் அவர்மேல் இல்லை, ஸ்டாண்டின்மேல்.

மாற்று வழி மூன்று. ஒன்று, ஸ்டாண்டின் திருகு இறங்கி ஏறுகிறதா என்று கடையிலேயே கையால் திருகிப் பார்த்து எடுங்கள். இரண்டு, வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரற்கடை இடைவெளி என்று பேசுபவர்களுக்கு முன்கூட்டியே காட்டிவிடுங்கள். 4 மணிக்கே வரச்சொல்லி, ஆளுக்கு ஒரு நிமிடம் பேசிப் பார்க்க விடுங்கள். மூன்று, முன்னால் நின்று பேசுபவரின் மைக் எப்போதும் ஸ்பீக்கர்களுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் வரிசையைத் தாண்டி முன்னால் வந்து பேசினால் ஊளையிட வாய்ப்பு அதிகம். ஆம்ப்ளிஃபயரில் பாஸை (அடித்தொனி) குறைத்து ட்ரெபிளை (உச்சத்தொனி) கொஞ்சம் ஏற்றச் சொல்லுங்கள். பாட்டுக்கு வைத்த பாஸை மைக்காரர்கள் அப்படியே விட்டுவிடுவதுண்டு. பேச்சு குடத்துக்குள் இருந்து வருவதுபோல் இருந்தால் காரணம் அதுதான்.

கார்ட்லெஸ் மைக் ஒன்று கட்டாயம் எடுங்கள். கூட்டத்தின் உயிரே, உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து பேசுவதில்தான் இருக்கிறது. இதற்கென்று ஒரு தோழியை நிறுத்தி, அவரே மைக்கைப் பிடித்து நீட்டட்டும். கைமாறிக் கைமாறிப் போனால் ஆளுக்கொரு பொத்தானை அமுக்கி அணைத்துவிடுவார்கள். பேட்டரி புதிதாகப் போட்டதா என்று கேளுங்கள், உபரியாக ஒரு ஜோடி கையில் வையுங்கள். பேட்டரி இறங்கும்போது சட்டென்று நிற்காது. முதலில் விட்டுவிட்டுக் கேட்கும், பிறகு கரகரக்கும். ஒரே மாதிரி இரண்டு கார்ட்லெஸ் எடுத்தால் இரண்டும் ஒரே அலைவரிசையில் மோதிக்கொள்ளலாம், அதனால் இரண்டையும் ஒன்றாக இயக்கிப் பாருங்கள். மைக் ஒயரையும் மின்சார ஒயரையும் சேர்த்துக் கட்டினால் உர்ர் என்று ஓயாத இரைச்சல் வரும். பிரித்துப் போடச் சொல்லுங்கள், குறுக்கே தாண்டியே ஆக வேண்டுமென்றால் கூட்டல் குறிபோல் தாண்டட்டும்.

மின்சாரத்தில் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டு எடுப்பது திருட்டு மட்டுமல்ல, ஈரத் தரையில் செருப்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தைகளுக்கு ஆபத்து. மின்சாரம் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் (ஆர்சிசிபி) உள்ள போர்டு வழியாக மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஆம்ப்ளிஃபயர், ஆறு எல்இடி டியூப்லைட், நான்கு ஸ்டாண்ட் ஃபேன், இவ்வளவுக்கு 2 கேவிஏ ஜெனரேட்டர் போதும். 10 கேவிஏ கொண்டுவந்தால் அதன் சத்தத்திலேயே பேச்சு அடிபட்டுப்போகும். சின்ன ஆம்ப்ளிஃபயர்கள் பேட்டரியிலும் ஓடும். ஊர்வலத்துக்கு அதை ஒரு ஆட்டோவில் வைத்தாலே வேலை முடிந்தது.

பாரிமுனை பக்கத்திலிருந்து வரும் பெரிய ஈவென்ட் நிறுவனங்கள் நேரத்துக்கு வருகின்றன, ரசீது சரியாகத் தருகின்றன, ஒயர்கள் சுத்தமாக இருக்கின்றன. ஆனாலும் 100 பேர் கூட்டத்துக்கு இவை வேண்டாம். லாரி தெருவுக்குள் நுழையாது, மேடை ஆளுயரத்துக்கு நிற்கும், வெளிச்சம் கண்ணைக் கூசும். மேடை உயர உயர, கீழே இருப்பவர்கள் பேச எழுவது குறையும்.

கடை தேர்வில் இன்னொன்று. இரண்டு தெருவுக்கோ இரண்டு சமூகத்துக்கோ நடுவே புகைச்சல் இருக்கும் இடத்தில், எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எடுத்தால் மறுபக்கம் அதை 'அவங்க கூட்டம்' என்று முடிவுகட்டிவிடும். மைக் ஒரு தெருவில், பந்தல் அடுத்த தெருவில், டீ மூன்றாவது இடத்தில் என்று பிரித்துக் கொடுங்கள். வாடகை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பின்னி மில் வேலைநிறுத்தம் நடந்த 1921இல் புளியந்தோப்பில் தொழிலாளிகளே சாதிவாரியாகப் பிரிந்து மோதி, குடிசைகள் எரிந்தன. அந்த மண்ணில் யார் பந்தல் என்பது சின்னக் கேள்வி அல்ல.

பந்தலைப் பொறுத்தவரை, 18 அடிக்கு 36 அடி சாமியானா ஒன்று 648 சதுர அடி. ஒரு நாற்காலிக்கும் நடக்கும் வழிக்கும் சேர்த்து 6 சதுர அடி வைத்தால் 108 பேர் அடங்குவார்கள். அதற்கு மேல் என்றால் இரண்டாவது துணி. நாற்காலி 80 எடுத்து, முன்னால் பாய் அல்லது ஜமுக்காளம் விரித்துவிடுவது நல்லது. குழந்தைகளோடு வரும் பெண்கள் தரையில்தான் நிம்மதியாக உட்காருவார்கள், முட்டிவலி உள்ள பாட்டிகளுக்கு நாற்காலி. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கரையோரத்தில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழும். மூங்கிலைத் தார்ச்சாலையில் குழி தோண்டி நட முடியாததால் மணல் மூட்டையிலோ டிரம்மிலோ நிறுத்துவார்கள். ஒவ்வொரு காலுக்கும் மூட்டை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், நடுக்கால்களை விட்டுவிடுவது வழக்கமான அலட்சியம். சாமியானா வெயிலுக்குத்தான். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை, பெண்கள்மீதான வன்முறைக்கு எதிரான 16 நாள் இயக்கம் வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. அப்போது தகரப் பந்தலோ கூடமோதான் வழி.

தேதிக்கும் கடைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா நாள் ஆடியில் விழுகிறது. ஆடியில் கல்யாணம் இல்லை, அதனால் கூடங்கள் காலி. ஆனால் அம்மன் கோயில் கூழ் வார்ப்புக்கு வட சென்னையின் மைக் செட்டும் சீரியல் லைட்டும் மொத்தமாகப் போய்விடும், ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். ஜூன் கடைசியிலேயே முன்பணம் கொடுத்து வையுங்கள். காந்தி நினைவு நாளான ஜனவரி 30 தை மாதம், நிலைமை நேர்எதிர்: முகூர்த்தத்துக்குக் கூடமெல்லாம் போய்விடும், தெருதான் கிடைக்கும். மார்ச் 8 மகளிர் நாள் எல்லா அமைப்புக்கும் ஒரே நாள், பொதுத்தேர்வுக் காலமும்கூட, ஆகவே ஒலியை அடக்கி வாசிப்பது அக்கம்பக்கத்துக்குச் செய்யும் மரியாதை. செப்டம்பர் 21 உலக அமைதி நாள்தான் வாடகைக்கு வசதியானது. புரட்டாசியில் கல்யாணங்கள் குறைவு, பேரம் படியும்.

சட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் 'அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்கா' என்று மைக்காரர் சொல்வதை நம்பி இருந்துவிடுகிறார்கள். அனுமதி அமைப்பாளர் பெயரில் இருக்க வேண்டும். சென்னை மாநகரக் காவல் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி கூட்டம், ஊர்வலத்துக்கு 5 நாள் முன்பாவது விண்ணப்பிக்க வேண்டும். 10 நாள் முன்பே கொடுத்து, நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இடம், நேரம், எதிர்பார்க்கும் ஆள் எண்ணிக்கை, பாக்ஸ் ஸ்பீக்கர் எத்தனை, பொறுப்பாளர் இருவரின் எண் எல்லாம் அதில் இருக்கட்டும். ஒலி மாசு விதிகள் 2000இன்படி ஒலிபெருக்கிக்கு எழுத்து அனுமதி தேவை, இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி மருத்துவமனையை ஒட்டிக் கூடுவதானால் மைக் இல்லாமல்தான். ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த காலை 8.15 நம் நேரத்துக்கு விடியற்காலை 4.45. அந்தக் கணத்தில் ஒன்றுகூட நினைக்கும் குழுக்கள் மைக் செட்டையே விட்டுவிட வேண்டும். நம் கடிகாரத்தில் 8.15 என்று வைத்துக்கொண்டால் தடையில்லை.

மைக் இல்லாத வடிவத்துக்கும் நல்ல முன்மாதிரி உண்டு. 1988இல் ஜெருசலேமில் தொடங்கிய 'கறுப்பு உடையில் பெண்கள்' கறுப்பு உடுத்தி, அட்டை பிடித்து, பேசாமல் நிற்பார்கள். அவ்வளவுதான் போராட்டம். பெங்களூரிலும் இந்த வழி எடுக்கப்பட்டது. இப்படி நிற்க வாடகைக்கு எதுவும் வேண்டாம், வாசகம் மட்டும் சரியாக எழுதியிருந்தால் போதும்.

அந்த வாசகத்துக்கு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போகாதீர்கள். 2019இல் பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து ஓர் இளம்பெண் உயிர்போனதற்குப் பிறகும் சாலையோரத்தில் ஃப்ளெக்ஸ் கட்டுவது, உயிரைப் பற்றிப் பேசவருகிற கூட்டத்துக்கு ஒட்டாத செயல். காடாத்துணியில் கையால் எழுதித் தரும் ஓவியர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போங்கள். துணியை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலோ கோடவுன் தெருவிலோ நீங்களே வாங்கிக் கொடுத்தால் மிச்சம். 3 அடிக்கு 12 அடி போதும். எழுத்தின் உயரம் ஒவ்வொரு 10 அடி தூரத்துக்கும் 1 அங்குலம். சாலையின் எதிர்ப்பக்கம் 60 அடி என்றால் 6 அங்குல எழுத்து. தமிழில் மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் இடம் கேட்பதால் ஒரு பேனரில் ஆறு ஏழு சொல்லுக்கு மேல் நிற்காது. இரண்டு ஓரத்தையும் மூங்கில் நுழையும் அளவுக்கு மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். காற்று போக ஓட்டை வெட்டுவது வேண்டாம், அங்கிருந்தே கிழியும். பிட் நோட்டீஸ் அடிக்க ஆண்டர்சன் தெரு. ஏ4 தாளை நான்காக வெட்டினால் 500 தாள் ஒரு ரீமில் 2,000 நோட்டீஸ். தெருப்பெயர், நேரம், கூட்டம் எத்தனை மணிக்கு முடியும் என்பது மூன்றும் பெரிதாக இருக்க வேண்டும். முடியும் நேரம் தெரிந்தால்தான் வீட்டில் சொல்லிவிட்டு வர முடியும்.

மாநகராட்சி சமுதாய நலக்கூடங்களுக்கு இரண்டாமிடம். திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று வட சென்னை மண்டலங்களில் தேடலாம், பதிவு இணையத்தில். மழைக்கும் வெயிலுக்கும் கவலையில்லை, கழிப்பறை உண்டு. குறை என்னவென்றால், கூடத்துக்குள் வர அழைத்தவர்கள்தான் வருவார்கள், போகிறபோக்கில் நின்று கேட்கும் ஆள் கிடையாது. மூன்று நாள் முன்பு நேரில் போய்ப் பாருங்கள்: கழிப்பறைத் தாழ்ப்பாள் விழுகிறதா, தண்ணீர் வருகிறதா, சக்கர நாற்காலி ஏறச் சரிவு இருக்கிறதா. வெறும் சுவரும் உயரக் கூரையும் எதிரொலிக்கும், ஆகவே இரண்டே பாக்ஸ், மெல்லிய ஒலி. நாள்கணக்கில் உட்காரும் போராட்டம் என்றால், 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துப் பழைய வண்ணாரப்பேட்டையில் பெண்கள் உட்கார்ந்தார்களே அதுபோல், முதலில் தீர்க்க வேண்டியது கழிப்பறைதான். பக்கத்தில் எந்த வீடுகள் திறந்து கொடுக்கும் என்று எழுதி வைக்காமல் உட்காரக் கூடாது.

விளக்கேந்தலுக்கு மெழுகுவத்தி மொத்தமாக எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. கடற்கரை ஓரத்தில் அது வீண், ஐந்து நிமிடத்தில் பாதி அணைந்துவிடும், மெழுகு கையில் சொட்டும். கொட்டாங்குச்சிக்குள் அகல் வைத்தால் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும், கையும் சுடாது. நடுவில் எண்ணெய் ஊற்ற ஒருவர் வேண்டும், துப்பட்டாவையும் முந்தானையையும் செருகிக்கொள்ளச் சொல்ல இன்னொருவர். பொத்தான் பேட்டரி போட்ட எல்இடி விளக்கு வாங்கினால், மூடி திருகாணியால் பூட்டியதாக இருக்கட்டும். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும்.

டீயும் சுண்டலும் வெளியில் சொல்ல வேண்டாம், அந்தப் பகுதி சுய உதவிக் குழுவிடமே கொடுங்கள். 100 பேருக்குக் காய்ந்த கொண்டைக்கடலை 5 கிலோ. வெந்தால் இரண்டு பங்காகும், ஆளுக்கு 100 கிராம். முந்தின இரவே ஊற வேண்டும், 8 மணி நேரத்துக்குக் குறைந்தால் நடுவில் கல்லாக நிற்கும். டீ 10 லிட்டர், தண்ணீர் 20 லிட்டர் கேன் 3. பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை, எவர்சில்வர் டம்ளர் வாடகைக்குக் கிடைக்கிறது.

பணம் கொடுக்கும் முறை: பாதி முன்பணம், மீதி, கூட்டம் முடிந்து சாமான் வண்டியில் ஏறிய பிறகு. வந்த நாற்காலியை இறக்கும்போதே எண்ணி, கடைப்பையன் கையெழுத்தோடு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கால் உடைந்தவற்றைத் தனியாகக் குறிக்காவிட்டால் இரவு 8 மணிக்கு அந்தக் கணக்கு உங்கள் தலையில் விழும். வாடகை ஏற்றுக்கூலியோடு சேர்த்தா தனியா என்பதையும் அதே சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.